முகம் காட்டிச் செத்தவர்

யோகோத்தே,
1957 நவம்பர் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

மிசாவோ எழுதுகிறேன். அம்மாவுக்குத் தெரியாது, பதிலை நான் வேலை பார்க்கும் பள்ளி நூலகத்துக்கே அனுப்புங்கள். இங்கே முதல் பனி விழுந்துவிட்டது.

நேற்று உங்கள் புதுப் படம் எங்கள் ஊர்க் கொட்டகைக்கு வந்தது. கோவில் படிக்கட்டில் நாயகன் உங்களை வெட்டுகிறார். நீங்கள் மல்லாந்து விழுந்தீர்கள். முகம் முழுக்கத் தெரிந்தது.

கியோட்டோவில் நாம் மூவரும் ஒன்றாக இருந்தபோது பாயில் விழுந்து காட்டுவீர்களே: "வெட்டுப்படுறவன் குப்புறத்தான் விழணும்டி. மூஞ்சி தெரிஞ்சுட்டா அடுத்த காட்சியில மறுபடி வந்து சாக முடியாது." ஒரே படத்தில் காவலாளியாகவும் கொள்ளைக்காரனாகவும் செத்தவர் நீங்கள். இந்தமுறை விழுந்தவர், படம் முடியும்வரை திரும்பி வரவே இல்லை.

பக்கத்தில் இருந்த மளிகைக்கடைக்காரர், "உங்கப்பா இந்தத் தடவ நல்லா செத்தாரும்மா" என்று பாராட்டினார். புத்தகங்களில் எத்தனையோ சாவுகளைப் படித்துக் கடந்திருக்கிறேன். இதைக் கடக்க முடியவில்லை.

நீங்கள் நலம்தானா? ஒரு வரி போதும், உங்கள் கையெழுத்தில்.

மகள்,
மிசாவோ

கியோட்டோ,
நவம்பர் 17

என் கண்ணான மிசாவோவுக்கு,

உயிரோடுதான் இருக்கிறேன். படுத்துக்கொண்டு எழுதுவதால் எழுத்து கோணல்.

நீ கண்டுபிடித்துவிட்டாய். படிக்கட்டில் பாசி. வைக்கோல் செருப்பு வழுக்கி, குப்புற விழவேண்டியவன் மல்லாந்து போனேன். இடுப்பில் ஏதோ முறிந்தது. கத்தினால் காட்சி வீணாகுமே என்று கண்ணைத் திறந்தபடியே கிடந்தேன். காமிரா நின்றதும் நாயகன் காலால் தட்டி, "யோவ் சேகிச்சி, செத்தவன் எதுக்குய்யா முகதரிசனம் குடுக்கிற? எந்திரி!" என்றார். "முடியலீங்க" என்றேன். அப்புறம்தான் ஓடி வந்து தூக்கினார்கள். இயக்குநர் மட்டும், "அந்த முழி பிரமாதம், அப்படியே வெச்சுக்கலாம்!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

எலும்பு கூடிவிட்டது. சீக்கிரமே நடக்கலாம் என்கிறார் மருத்துவர். ஆனால் இனிமேல் விழ முடியாது. இயக்குநர் ஒரு படகோட்டி வேடம் தருகிறார். பெயருள்ள ஆள், வசனம் உண்டு, கடைசிவரை சாகமாட்டான். எனக்குத்தான் பயம், இத்தனை வருடமாக நான் பேசிய வசனமெல்லாம் "ஆ" மட்டும்தானே.

அம்மாவிடம் சொல்லாதே. "தினம் செத்துட்டு வர்ற மனுஷனோட குடித்தனம் பண்ண முடியாது" என்று உன்னைக் கூட்டிக்கொண்டு போனவள். அவள் சொன்னதில் தப்பில்லை.

உன்
அப்பா

யோகோத்தே,
டிசம்பர் 1

அன்புள்ள அப்பாவுக்கு,

மன்னியுங்கள், சொல்லிவிட்டேன். அம்மாவின் முகத்தைப் பார்த்தபின் மறைக்க முடியவில்லை. அன்று கொட்டகையின் கடைசி வரிசையில், தலையில் துணி போர்த்திக்கொண்டு அவளும் இருந்திருக்கிறாள். உங்கள் படம் ஒன்றையும் விடுவதில்லையாம். அதன்பிறகுதான் பல்வலி என்று சொல்லிச் சாப்பிடாமல் கிடந்திருக்கிறாள். நானும் பல்வலி என்றே நம்பியிருந்தேன்.

உங்கள் கடிதத்தை வாங்கி நிதானமாகப் படித்தாள். "சாகாத வேஷமா? இவருக்கா?" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே அடுக்களைக்குப் போய், நின்றபடியே கிண்ணம் நிறையச் சோறு சாப்பிட்டாள். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு வந்து என்னிடம் சொன்னாள்:

"புத்தாண்டுக்கு வரச்சொல்லு. வாசக் கதவு பனியில இறுகிக் கெடக்கும். இடுப்பு ஒடிஞ்ச மனுஷன் இழுக்க வேணாம். தட்டினாப் போதும், நான் வந்து திறக்கிறேன்னு எழுது."

எழுதிவிட்டேன், அப்பா.

மிசாவோ