ஊர் பேர் சொல்லாத வேண்டுதல்

சிவகாசி
புரட்டாசி 18, 1965

பாபநாசம் பவர் ஹவுஸில் வேலை பார்க்கும் அன்புத் தம்பி நல்லசிவத்துக்கு அக்கா பொன்னுத்தங்கம் எழுதிக்கொண்டது. இங்கன எல்லாரும் சுகம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

உன் கடுதாசி வந்தது. அணையில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய் மிஷின்களை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், மழை வராவிட்டால் ஐப்பசியோடு டெம்பரவரி ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று எழுதியிருந்தாய். படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தங்கத்தாயின் அப்பாவும் விருதுநகரிலிருந்து வந்து, மாப்பிள்ளைக்கு வேலை நிலைக்கட்டும், தை மாசக் கல்யாணத்தை அப்புறம் பேசிக்கொள்வோம் என்று சொல்லிப் போய்விட்டார். அந்தப் பிள்ளை அழுதுகொண்டே இருக்கிறதாம்.

போன தடவை உன்னை வாய்க்கு வந்தபடி ஏசி எழுதினேனே. கரண்ட் இல்லாமல் அக்கா ஊரில் அச்சாபீஸ் மூடிக் கிடக்கு, நீ அங்கன உட்கார்ந்து என்னத்தைலே கிழிக்கிறாய் என்று. அதை மனசில் வைக்காதே. கரண்டை நிறுத்தினவள் நான்தான். சிரிக்காமல் கேள்.

போன வருசம் சீசனில் மழை அடித்து, காயப்போட்ட வெடியெல்லாம் நமுத்து, உங்க அத்தான் சாப்பாடு தண்ணி இல்லாமல் கிடந்தது உனக்குத் தெரியும். அந்தப் பயத்தில் ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடிக்குப் போய், தாயே, தீபாவளி முடியுமட்டும் மழையே வேண்டாம் என்று மாரியம்மனிடம் கேட்டேன். மழை கொடுக்கிறவளிடமே போய்! பக்கத்தில் காட்டில் வெள்ளாமை பார்க்கிற பெண்கள் மழை வேண்டிப் பொங்கல் வைத்தார்கள். அவர்கள் காதில் விழாமல் முணுமுணுத்தேன். சிவகாசிக்கு மட்டும் என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். பாவி, ஊர் பேர் சொல்லாமல் வந்துவிட்டேன். அவள் உன் மலைக்கும் சேர்த்து நிறுத்திவிட்டாள்.

இப்போ வெடி கலகலவென்று காய்ந்து கிடக்கு, மேலே ஒட்ட லேபிள் அச்சாகவில்லை. ஆர்டர் இருந்தும் பாதி லோடு கிளம்பவில்லை. அது கூடப் போகட்டும். காலையில் அத்தான் வானத்தைப் பார்த்து, நல்ல வெயில் என்று சிரித்தால் நான் அடுப்படிக்குள் போய்விடுகிறேன். அவுகளிடம் இன்னும் சொல்லவில்லை.

நேற்று மறுபடியும் இருக்கன்குடிக்குப் போனேன். கடைசி லோடு புஸ்வாணம் களத்தில் பரப்பிக் கிடக்கு. மலைக்கு மட்டும் பெய் தாயே என்று கேட்கலாமென்றுதான் பஸ் ஏறினேன். சந்நிதியில் நின்றதும் மனசு மாறிவிட்டது. அவளிடமே பேரம் பேசுவதா? எங்க களத்தையும் சேர்த்தே நனை என்று கேட்டு வந்துவிட்டேன். அத்தானுக்குத் தெரிந்தால் என்னை வீட்டில் வைத்திருப்பாகளோ என்னவோ.

தம்பி, அங்கன ஒரு தூறல் விழுந்தாலும் அன்றைக்கே கார்டு போடு. நீயும் தங்கத்தாயும் நூறு வருசம் நன்றாக இருக்கணும். அதற்கு முன்னால், என் சாமி, நீ ஒரு நாளாவது தொப்பலாக நனைந்துகொண்டு வேலைக்குப் போகணும்.

உன் அக்கா
பொன்னுத்தங்கம்