சந்தியிலேயே எஞ்சினை நிறுத்திவிடு

சித்தாண்டி
2010 ஆடி

என் அன்பு மகன் நிலோஜனுக்கு,

அப்பா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், கட்டார் வெயிலில் நிற்கிற உன்னையும் அவர்தான் தன் நிழலில் வைத்திருக்க வேண்டும். டெலிபோன் இருக்கிற காலத்தில் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நீ பேசும்போதெல்லாம் அம்மா என் பக்கத்தில் வந்து நின்றுவிடுகிறாள், இது அவளை வைத்துக்கொண்டு சொல்லக்கூடிய விஷயம் இல்லை. ஏறாவூர் நஸீரின் மருமகன் அடுத்த கிழமை உன் பக்கம் வருகிறாராம், அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். இங்கே சிறுபோக வேளாண்மை வெட்டத் தொடங்கிவிட்டார்கள், மில்லில் நெல் மூட்டை வாசல் வரை வந்துவிட்டது, எஞ்சினை நிறுத்த நேரமில்லை. நீ வேளைக்குச் சாப்பிடு, வெறும் பாண் துண்டைத் தின்றுவிட்டு வேலைக்குப் போகாதே.

கோயில் திருவிழாவுக்கு ஒரேயடியாக வந்துவிடுகிறேன், அதற்கு முன் பாவித்த ரேஸ் பைக் ஒன்று பார்த்து வையுங்கள் என்று சொன்னாய். அம்மா உடனே டெலிபோனைப் பறித்து, இப்போது வராதே, இன்னும் ஒரு வருஷம் அங்கேயே நில் என்றாள். நீ கோபித்துக்கொண்டு வைத்துவிட்டாய். பெற்ற தாய்க்கே என்னைப் பிடிக்கவில்லை என்று பிறகு என்னிடம் சொன்னாயே, அந்தச் சொல் எனக்குள் முள்ளாகக் கிடக்கிறது. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம், ஆனால் பைக்கில் தொடங்கினால்தான் அது உனக்கு விளங்கும்.

பைக் பார்க்க நஸீரைத்தான் கூட்டிப்போனேன், உனக்குத்தான் தெரியுமே, அவர் கராஜில் வேலை பழகாத பொடியன் ஏறாவூரில் குறைவு. முதலில் கல்லடியில் ஒரு சிவப்பு பைக். பார்வைக்கு மாப்பிள்ளை மாதிரி நின்றது. நஸீர் சீட்டைக் கழற்றி வயர்களைப் பிரித்துக் காட்டினார், இணைப்புகளெல்லாம் பச்சை பூத்து, அடியில் பொடி மணல். டாங்கிக்குள் டோர்ச் அடித்தால் துரு. சுனாமியில் வாவிக்குள் போன பைக்காம். விற்க நின்ற பொடியன் ஒளிக்கவில்லை, அது அவனுடைய தகப்பன் ஓடியது, தகப்பன் அலையோடு போய்விட்டார், பைக்கை மட்டும் மீட்டார்கள், இவ்வளவு நாளும் விற்க மனம் வரவில்லை என்றான். அவனோடு என்னத்தைப் பேரம் பேசுவது, தேத்தண்ணி குடித்துவிட்டு வந்துவிட்டோம். கடற்கரைப் பக்கத்துப் பைக் என்றால் நீ முதலில் சீட்டுக்கு அடியில் பார், உப்பு உள்ளே இருந்துதான் தின்னும்.

மறுகிழமை ஓட்டமாவடியில் ஒரு கறுப்பு. ஜப்பானில் ஓடி இறக்கியதாம். ஸ்டார்ட் பண்ணுவதற்கு முதல் எஞ்சினில் கையை வைத்துப் பார்க்க வேண்டும், சூடாக இருந்தால் நாம் வருமுன்னே ஓட விட்டிருக்கிறான், குளிரில் வருகிற கோளாறை மறைக்கிறான் என்று அர்த்தம். இது குளிர்ந்துதான் இருந்தது. ஹேண்டிலை இரண்டு பக்கமும் மெதுவாகத் திருப்பிப் பார்த்தோம், எங்கேயும் தட்டவில்லை. முன் சக்கரத்தைத் தாங்குகிற போர்க்கில் ஒயில் கசிவு இல்லை. பின் பல்சக்கரத்தின் பல் கொக்கி மாதிரி வளைந்தால் செயினும் சேர்ந்து போய்விட்டது, இதில் வளையவில்லை. விழுந்த பைக் என்றால் பிரேக் கைப்பிடியின் நுனியும் சைலன்சரின் பக்கமும் சொல்லும், ஒரு பக்கம் மட்டும் புது பெயின்ட் என்றால் திரும்பி வந்துவிடு. பிளாஸ்டிக் உறையைக் கழற்றிக் காட்ட மாட்டேன் என்கிறவனிடமும் வாங்காதே. செசிச் சட்டத்தில் வெட்டியிருக்கிற நம்பரும் பதிவுப் புத்தகத்தில் இருக்கிற நம்பரும் ஒன்றா என்று நீயே விரலால் தடவிப் பார், சும்மா தலையாட்டாதே. எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில் ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். நான் மில் எஞ்சினோடு கிழவனானவன், சத்தத்தில் ஒரு பிசகு இருந்தால் என் காது விடாது. பிசகே இல்லை, நீலப் புகையும் இல்லை. இவ்வளவு நல்ல சத்தம் கேட்டு எவ்வளவு காலம் என்று நஸீரிடம் நானே பெருமை பேசினேன்.

பைக்கின் சொந்தக்காரர் நல்ல மனிதர், ஓடிப் பார்த்துவிட்டுக் கொண்டு வாருங்கள் என்று தன் ஹெல்மட்டையும் தந்தார், முகத்தை மூடுகிற கறுப்புக் கண்ணாடி வைத்தது. எனக்கு ஒரு ஆசை மகன், அம்மாவுக்குக் காட்டினால் மனம் மாறுவாள், நீ வருகிற சந்தோஷம் அவளுக்கும் வரும் என்று. நான் ஓட்ட, நஸீர் பின்னால் ஏறிக்கொண்டார். கிரான் தாண்டி வீட்டுக்கு வரும்போது நல்ல பகல். வாசல் கடப்படியில் கொண்டுபோய் நிறுத்தினேன். எஞ்சின் ஓடிக்கொண்டே நின்றது.

அம்மா மீன் வெட்டிய கையோடு வந்தாள். கத்தவில்லை, ஓடவில்லை. படலையைச் சாத்தி, இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு, என் ஹெல்மட்டைப் பார்த்துச் சொன்னாள்: "என்ட புள்ள இஞ்ச இல்ல தம்பி. கட்டாருக்குப் போயிற்றான். மூத்தவனக் கொண்டு போகக்குள்ள விசாரிச்சுப்போட்டு விடுறம் எண்டுதானே சொன்னீங்க, அவன முதல்ல தாங்க."

உன் அண்ணன் நிதுர்ஷனைக் கொண்டுபோனவர்களும் பைக்கில் முகம் மூடி வந்த இரண்டு பேர்தான், அதே இடத்தில்தான் நிறுத்தினார்கள், அப்போதும் எஞ்சினை நிறுத்தவில்லை. உனக்குத் தெரியும், அந்த மாதமே உன்னை விமானம் ஏற்றினோம். எனக்கு இதெல்லாம் தெரியாதா, தெரிந்தும் எப்படி அந்தப் பைக்கை அங்கே கொண்டுவந்து நிறுத்தினேன் என்று என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஹெல்மட்டின் பட்டியை நஸீர்தான் இறங்கிவந்து கழற்றிவிட்டார். என் முகத்தைப் பார்த்ததும் அம்மா படலையைத் திறந்தாள். சோறு ஆறிவிட்டது என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நஸீர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பைக்கைத் திருப்பிக் கொண்டுபோனார்.

சண்டை முடிந்துவிட்டது என்று ரேடியோ சொல்லி ஒரு வருஷத்துக்கு மேலாகிறது மகன், அவளுக்கு இன்னும் ஒருவரும் அதை வந்து சொல்லவில்லை. நீ வருகிறேன் என்ற அன்றே சுவரில் இருந்த உன் படத்தைக் கழற்றி அரிசிப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள், வீட்டில் ஒரு இளந்தாரி இருக்கிறான் என்று யாரும் அறியக்கூடாதாம். வராதே என்று அவள் சொன்னதன் அர்த்தம் இதுதான். இனியும் அவளைக் குறையாக நினைத்தாயானால் எனக்குக் கோபம் வரும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது வந்து, யாருக்கு எழுதுகிறீர்கள் என்று கேட்டாள். உனக்குத்தான் என்றேன். "வாறதெண்டால் பகல்ல வரச் சொல்லுங்க" என்றாள். வரச் சொல்லுங்க என்று அவள் வாயால் கேட்டது இதுதான் முதல் தடவை. அதனால் வா மகன். அந்தக் கறுப்பு பைக் இன்னும் விற்கவில்லை, நான் எழுதியதையெல்லாம் நீயே கை வைத்துப் பார்த்து, பிடித்தால் வாங்கு. நான் தடுக்கவில்லை. உனக்கும் ஒரு ஆசை இருக்காதா.

தீர்க்காயுசாய் இரு, எடுத்த காரியம் உனக்குக் கைகூடட்டும். ஒன்றை மட்டும் மறவாதே. சந்திக் கடையடியில் எஞ்சினை நிறுத்தி, ஹெல்மட்டைக் கழற்றிக் கையில் மாட்டிக்கொண்டு, வீடு வரை பைக்கைத் தள்ளிக்கொண்டு வா. நம் வீட்டு ஒழுங்கைக்குள் திரும்பும்போதே, பள்ளிக்கூடம் விட்டு வருகிற காலத்தில் பசிக்குது என்று கத்துவாயே, அதே மாதிரி அம்மா அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டு வா. அவள் காதில் முதலில் உன் குரல் விழ வேண்டும்.

உன்னைப் பார்த்திருக்கும் அப்பா,
வினாயகமூர்த்தி