அமுக்கராப் பொடியும் குழாய்த் தண்ணீரும்

தாராவி,
ஞாயிறு

அன்புள்ள பேராச்சிக்கு,

கையெழுத்து கோணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள். இவ்வளவு எழுதுவதற்குள் டீ ஆறிவிட்டது. ஆனால் எல்லாம் நானே எழுதியது, யாரும் கையைப் பிடிக்கவில்லை!

நீ வாஷிக்கு மகள் வீட்டுக்குப் போனதிலிருந்து எனக்கு நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. நீ போனதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பக்கத்து வீட்டு லூர்தம்மாள் துளசிக் கஷாயம் கொடுத்தாள். எதிர்வீட்டு இசக்கிதுரை அமுக்கராப் பொடியைப் பாலில் கலந்து குடிக்கச் சொன்னான். சீக்கிரம் குணமாகட்டும் என்று இரண்டையும் ஒன்றாகக் குடித்தேன். அப்படி ஒரு தூக்கம்! விடியற்காலையில் குழாயில் தண்ணீர் வந்து நின்றதே தெரியவில்லை.

"படபடப்பு போச்சா அண்ணாச்சி?" என்றான் இசக்கிதுரை.

"அது போச்சுடே. தண்ணியும்லா போச்சு!"

காலி டிரம்மைப் பார்த்ததும் படபடப்பு திரும்ப வந்துவிட்டது. லூர்தம்மாள்தான் ஒரு குடம் தண்ணீர் தந்தாள். தந்துவிட்டு, "மருந்து வாஷியில இருக்கு. இங்க ஏன் தேடுதீய?" என்றாள். அவளுக்கு வாய் அதிகம்.

நான் உன்னை வரச் சொல்லவில்லை. குழாயடிக்கு ஓர் ஆள் தேவை, அவ்வளவுதான்.

நீ வரும்வரை வாரம் ஒரு கடிதம் எழுதுவேன். இதே கையெழுத்தில்தான்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்