அரங்கமா, ஆஸ்பத்திரியா

ஞாயிற்றுக்கிழமை, மாசி மாதம்.

படுத்தும் தூக்கம் வரவில்லை. இன்று பஞ்சாயத்துக் கூட்டத்தில் என் கையால்தான் முடிவானது.

செய்யூர்ப் பக்கம் எங்கள் ஊரில் ஆட்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். பிள்ளைகள் எல்லாம் மறைமலைநகர் கம்பெனிகளுக்குப் போய்விட்டார்கள். விளையாட்டு அரங்கம் கட்டினால் திரும்பி வருவார்கள் என்றார் தலைவர். "ஏர்போர்ட்டு வேற வரப்போவுதுன்றாங்க. அப்பால நம்ம ஊரு எங்கியோ பூடும்!"

தையல் கடை ஜமீலா எழுந்து நின்றாள். "எம்பொண்ணு மாசமா கீறா. ராத்திரில வலி எடுத்தா ஸ்டேடியத்துக்கா இட்டுகினு போறது? மூடிக் கெடக்கற ஆஸ்பத்திரியத் தொறங்க."

பஞ்சாயத்துக்கு வந்திருக்கும் பணம் ஏதாவது ஒன்றுக்குத்தான் போதும். உறுப்பினர்கள் இரண்டு பக்கமும் சமமாக நின்றார்கள். நான் மட்டும் பாக்கி. அரங்கம் வந்தால் கபடி சொல்லிக்கொடுக்க ஊருக்கே வந்துவிடுவதாக, மறைமலைநகரில் வேலை பார்க்கும் என் மகன் முருகன் சொல்லியிருந்தான். அவன் வந்தால் இந்த வீட்டில் பேச்சுக்குரல் கேட்கும்.

ஆனாலும் ஆஸ்பத்திரிக்குத்தான் கை தூக்கினேன்.

சாயங்காலம் அவனுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"வுடும்மா. ஸ்டேடியம் கட்டியிருந்தாலும் நான் வந்திருக்க மாட்டேன். இங்கியே வூடு பாத்துட்டேன். உங்கிட்ட எப்டி சொல்றதுன்னுதான்..."

"சாப்ட்டியாடா?" என்று கேட்டேன்.

அவன்மேல் கோபம் இல்லை. நேற்றே சொல்லியிருந்தால் கை தூக்குவது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சொல்லாமல் விட்டதும் நல்லதுதான். அரங்கம் கட்டினால் வருவான் என்று நம்பிக்கொண்டேதான் ஆஸ்பத்திரிக்குக் கை தூக்கினேன். அது போதும் எனக்கு.

கண் சொருகுகிறது.