கடவுச்சொல்லைக் கேட்காத கணினி

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அண்ணன் மாத்திரையை வேளைக்கு வாங்கித் தருகிறானா? என் கணினி ரிப்பேரில் இருப்பதால் காகிதத்தில் எழுதுகிறேன். பதற வேண்டாம், பெரிதாக ஒன்றுமில்லை.

இடம் போதவில்லையே என்று நேற்று அதில் கிடந்த பழைய மென்பொருள்களைத் துடைத்தேன். “இவை எதற்கும் பயன்படவில்லை, எடுத்துவிடலாமா?” என்று கணினி கேட்டது. படிக்காமலே சரி என்று தட்டிவிட்டேன். என் ஹார்டு டிஸ்க் முழுவதையும் வேறு யாரும் திறக்காதபடி நான் முன்பே பூட்டி வைத்திருக்கிறேன். தினமும் கணினியைப் போட்டதும் கடவுச்சொல் கேட்கும், சொன்னால்தான் திறக்கும். இன்று காலை அது கேட்கவே இல்லை. கறுப்புத் திரையோடு நின்றுவிட்டது. ஒரு வருட வேலை உள்ளே இருக்கிறது. எனக்குப் பயமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. டீ ஆறி ஆடை கட்டும்வரை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் வந்து பார்த்துச் சிரித்தார். “பூட்டும் நல்லாத்தான் இருக்கு, சாவியும் உங்ககிட்ட இருக்கு. சாவியைக் கேக்கிற புரோகிராமைத்தான் குப்பைன்னு தூக்கிப் போட்டுட்டீங்க.” பென் டிரைவ் ஒன்றை வைத்து அவரே சரிசெய்துகொண்டிருக்கிறார்.

தலையணை உறை ஒன்று அனுப்புங்கள். புதிதாக வாங்காதீர்கள், வீட்டில் இருப்பதே போதும்.

அப்புறம், “அவ வேலையா இருப்பா, சாப்பிட்டியா தூங்கினியான்னு நச்சரிக்காதீங்க” என்று அண்ணன் சொன்னதிலிருந்து நீங்கள் போனில் ஒன்றுமே கேட்பதில்லை. கேளுங்கள் அம்மா. தினமும் அதே கேள்வியானாலும் சரி.

மேசைக்காரர் கூப்பிடுகிறார். கணினி மறுபடி கேட்க ஆரம்பித்துவிட்டதாம். போய்ப் பதில் சொல்ல வேண்டும்.

உங்கள் மகள்