பதினான்கு நிமிடம், முப்பத்திரண்டு விநாடி

செப்டம்பர் 9, செவ்வாய்

காலையிலிருந்தே புழுக்கம். தண்ணீர் லாரி வரவில்லை.

வேலைகள்: கேஸ் சிலிண்டர் பதிய வேண்டும். பள்ளி நூலகத்தில் எட்டாம் வகுப்பு அலமாரி. மாலதியின் இறப்புச் சான்றிதழ், மூன்று நகல். எட்டாம் வார அசைன்மென்ட்.

கடைசி இரண்டும் ஒரே பட்டியலில் வந்திருப்பது எழுதிய பிறகுதான் உறைத்தது.

மதியம் அவள் போனில் மெயில். "அன்புள்ள மாலதி, எட்டாம் வார அசைன்மென்டைச் சமர்ப்பிக்க நாளை கடைசி நாள்." தங்கை போய் இருபது நாள் ஆகிறது. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குப் போகும் கம்பெனி வேனில், உட்கார்ந்த இடத்திலேயே. நாற்பத்தைந்து வயது. மடியில் போன். அதில் இந்தப் பாடம்: ஏரிகளும் நிலத்தடி நீரும், ஐந்தாம் வாரம், இரண்டாவது வீடியோ. 14:32-இல் நிற்கிறது. ஆசிரியர் கையில் சாக்பீஸ், வாய் பாதி திறந்தபடி. ஏதோ முக்கியமாகச் சொல்லப் போகிற முகம்.

அஞ்சல்வழி பி.ஏ.வை ஆறு வருடமாக இழுத்து வந்தாள். பாக்கி நான்கு கிரெடிட். நேரில் எடுத்தால் வார இறுதி வகுப்பு, ஓவர்டைம் போகும். இணையத்தில் பாடம் இலவசம், பரீட்சைக்கு மட்டும் கட்டணம். நாளுக்கு ஒன்றரை ஜிபி டேட்டா போதும். வேனிலேயே படிப்பு. வேன் எஸ்டேட் சேர்வதற்குள் பாடம் முடியவேண்டும் என்று எல்லாவற்றையும் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டுவாள்.

நான் ஏன் தொட்டேன்? காரியம் நடந்த வாரம் அந்த நினைவூட்டல் நான்கு தடவை வந்தது. நிறுத்தும் வழி தெரியவில்லை. ஐந்தாம் வாரத்தின் பத்துக் கேள்விக்கும் விடை போட்டு அனுப்பினால் ஓயும் என்று போட்டேன். "வாழ்த்துகள், மாலதி" என்று வந்தது. பிறகு ஆறாம் வாரம். பிறகு ஏழு.

பார்த்த வீடியோ ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பச்சை டிக். அந்த ஒன்றுக்கு மட்டும் இல்லை. அதைத் தாண்டித்தான் போகிறேன்.

ஆவி, பேய் எதிலும் நம்பிக்கை கிடையாது. இது கணினி அனுப்புவது. ஆனாலும் போன் மினுங்கினால் அடுப்படியிலிருந்து ஓடி வருகிறேன்.

14, ஞாயிறு

லேசான தூறல். துணி பாதி காய்ந்தது.

மாலதியின் மகள் நந்தினிக்கு இன்று விடுமுறை. போனை எடுத்துப் பார்த்தபடியே கேட்டாள்.

"பெரிம்மா, அம்மா நம்பர சரண்டர் பண்ணிடலாமா? ரீசார்ஜ் முடியப்போவுது."

"இருக்கட்டும்."

"இன்னாத்துக்கு? யார் பேசப்போறா அதுல?"

"ஓடிபி வரும்."

"யாருக்கு?"

பருப்பில் கல் பொறுக்கினேன். பாக்கெட் பருப்பு. கல்லே கிடையாது.

அதற்குள் மெயிலைப் பார்த்துவிட்டாள். "எட்டாவது வாரம் தொண்ணூறு மார்க்கா? யாரு எழுதுனது? பெரிம்மா, நீயா அம்மா பேர்ல எழுதிக்கினு கீற?"

"அசைன்மென்ட் மட்டும்தான்."

சிரித்தாள். பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் இல்லாத நாளில் அவ்வளவு நேரம்.

ஜூனில் நான் சொன்னதை இங்கேயாவது எழுதிவைக்கிறேன். மாலதி பெயர் பதிந்த அன்று. "ஆன்லைன்ல படிக்கறதெல்லாம் படிப்பா? பட்டம் கொரியர்ல வரும். அறிவும் கூடவே வருமா?" அவள் இயர்போனை மாட்டிக்கொண்டாள். அதில் ஒரு பக்கம்தான் வேலை செய்யும். இன்னொரு காதில் நான் சொன்னது முழுக்க விழுந்திருக்கும்.

அப்பாவால் ஒருத்தியைத்தான் காலேஜுக்கு அனுப்ப முடிந்தது. மூத்தவள், நான். அவள் பன்னிரண்டாவதோடு எஸ்டேட்டில் சட்டைக் காலர் செக்கிங். என் எம்.ஏ. புத்தகங்கள் அவள் சம்பளத்தில் வந்தவை.

அந்தப் படிப்பும் சுலபமில்லை. எட்டாம் வாரக் கணக்கில் எனக்கே ஒன்று தப்பு.

21, ஞாயிறு

வெயில். தலைவலி மாத்திரை வாங்க வேண்டும்.

பாடத்தின் விவாதப் பக்கத்தில் மாலதி ஒரு கேள்வி போட்டிருக்கிறாள். இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு. "ஐயா வணக்கம். மழை இல்லாத நாள்லயும் எங்க ஏரிக்குத் தண்ணி வருது. எங்கேர்ந்து வருதுன்னு தெரியாட்டி அத கணக்குல எப்பிடிச் சேக்கறது?"

பதில் நேற்றுதான் வந்தது. "நல்ல கேள்வி, மாலதி. நீங்களே ஒருமுறை போய்ப் பார்த்து எழுதுங்கள். காத்திருக்கிறோம்."

காத்திருக்கிறார்களாம். மூன்று முறை படித்தேன். காபி ஆறிவிட்டது.

ஒன்பது மணிக்குக் கிளம்பிக் கோவில்பதாகைப் பக்கத்து ஏரிக்கரைக்குப் போனேன். பதினோரு வருடமாக மாலதி, நந்தினியோடு இங்கே இருக்கிறேன். கரைமேல் ஏறியது இதுதான் முதல் தடவை. தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா, ஏரிய அளக்க வந்தியா? கவர்மென்டா?"

"இல்லீங்க. தண்ணி எங்கேருந்து வருதுன்னு பாக்க."

"இதுக்கு வெயில்ல வரணுமா? அதோ பாரு, அந்தக் கால்வாதான். அல்லாம் ஊட்டுத் தண்ணி. நீ குளிச்சது, நான் குளிச்சது, அல்லாம் இங்கதான் கீது."

"மீன் கிடைக்குதா?"

"கெடைக்கும். துன்ன மாட்டேன். சும்மா புடிச்சி வுடறதுதான்."

கால்வாய் ஓரமாக நின்றேன். சோப்பு நுரை மெதுவாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. பதினோரு வருடமாக மாலதி துவைத்ததும் இதற்குள்தான்.

வீட்டுக்கு வந்து அவள் போனில் பதில் அடித்தேன். "நானும் என் அக்காவும் போய்ப் பார்த்தோம்" என்று ஆரம்பிக்க நினைத்தேன். 'அக்கா' என்று அடித்ததும் கீழே மூன்று வார்த்தைகள் தானாக வந்தன. திட்டும். தூங்குது. கிட்ட. அவள் வழக்கமாக அடித்தவை. 'கிட்ட'வைத் தொட்டேன். அடுத்து வந்தது: சொல்லாத.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். மாலையில்தான் எடுத்தேன். அக்காவை நீக்கிவிட்டு, "போய்ப் பார்த்தேன்" என்று எழுதி அனுப்பினேன்.

24, புதன்

விவாதப் பக்கத்தில் பன்னிரண்டு பேர். "மாலதி அக்கா, செம." "மாலதி மேடம், எங்க ஊர் ஏரியும் இப்படித்தான்." ஆசிரியர் நேரலையில் அவள் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். இரண்டு முறை.

பள்ளி நூலகத்தில் உட்கார்ந்து யோசித்தேன். செத்தவளுக்கு நல்ல பெயர் வாங்கித் தருகிறேனா, அவள் பெயரில் நான் வாங்கிக்கொள்கிறேனா? ஊர் இதற்கு வைத்திருக்கும் பெயர் ஆள்மாறாட்டம்.

ஒன்பதாம் வாரம் நூற்றுக்கு நூறு.

அக்டோபர் 12, ஞாயிறு

ஆவடி மார்க்கெட். முருங்கைக்காய் தொடவே முடியவில்லை. கத்தரி, கீரையோடு திரும்பினேன்.

சாந்தியைப் பார்த்தேன். மாலதியோடு வேலை பார்த்தவள், வேனில் பக்கத்து இருக்கை. காரியத்தில் கூட்டமாக இருந்ததால் பேசவில்லை. இன்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, ரெண்டு மாசமா மனசுல வெச்சிக்கினு கீறேன். அன்னிக்கி அது தலை சாஞ்சிச்சி. நைட்டு ஓவர்டைம், தூங்குதுன்னு நென்சேன். செல்லு பாட்டுக்கு ஓடிக்கினே இருந்திச்சி. நாந்தான் அமுக்கி நிறுத்தினேன்."

"சரி."

"எழுந்தா வுட்ட எடத்துலேர்ந்து பாக்கட்டும்னுதான் க்கா. இல்லாட்டி பாடம் பூடுச்சேன்னு என்னத்தான் திட்டும்."

அழுதாள். கீரைக்காரம்மா பார்த்தார். "நீ சரியாத்தான் செஞ்ச" என்றேன். சில்லறையை மறந்துவிட்டு வந்துவிட்டேன்.

வழியெல்லாம் ஒரே கணக்கு. அவள் எதுவரை கேட்டாள்? பதினான்காம் நிமிடமா, பத்தா, மூன்றா? 14:32 சாந்தி அமுக்கிய நேரம்தான்.

22, புதன்

மழை. எங்களுக்கு இந்த வருடம் தீபாவளி கிடையாது. மேல்வீட்டிலிருந்து முறுக்கு வந்தது.

ஹால் டிக்கெட் வந்துவிட்டது. நவம்பர் 1, மதியம். பூந்தமல்லி தாண்டி ஒரு எஞ்சினியரிங் காலேஜ். பெயர்: மாலதி. படம்: நான்.

மறந்தே போயிருந்தேன். ஆகஸ்ட் முதல் வாரம் அவளுக்குத் தேர்வுப் படிவம் நிரப்பியது நான்தான். எங்கள் பாஸ்போர்ட் சைஸ் படங்கள் ஒரே கவரில். அவசரத்தில் என்னுடையதை ஏற்றிவிட்டேன். காட்டியபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "வுடு க்கா, அப்பறம் மாத்திக்கலாம். மார்க்கு போடறவன் படிச்ச மூஞ்சியப் பாத்தாவது ரெண்டு சேத்துப் போடுவான்." மாற்றவில்லை.

நந்தினி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேரு அம்மாது, மூஞ்சி உன்து."

"தப்பா ஏத்திட்டேன்."

"ஆதார் கேப்பாங்களே?"

"கேப்பாங்க. அதுல உங்கம்மாவ நானே கண்டுபிடிக்க மாட்டேன்."

 மழை வாசல் ஷீட்டில் அடித்தது.

"போ பெரிம்மா. போய் எழுதிட்டு வந்துடு. நாலு கிரெடிட்டுதான? அம்மா போட்டோ பக்கத்துல ஃப்ரேம் போட்டு மாட்டலாம். பி.ஏ.ன்னு."

முதலில் நம்பரையே ஒப்படைக்கச் சொன்னவள். நான்தான் அவளுக்கும் இதை ஒட்டவைத்துவிட்டேன்.

29, புதன்

பள்ளி அரை நாள். மழை விடுமுறை என்று மதியம் அனுப்பிவிட்டார்கள்.

மாலதியின் கையெழுத்து. தமிழில், நிறுத்தி நிதானமாக, 'தி'யின் சுழியைக் கடைசியில் மேலே இழுத்துவிடுவாள். பழைய காலண்டர் தாளில் எழுதிப் பார்த்தேன். பதினெட்டாவது தடவை அவளுடையதே வந்துவிட்டது. தாளைக் கிழித்துக் கேஸ் அடுப்பில் எரித்தேன்.

அவள் பெயரில் நான் எழுதினால் பட்டம் வரும். கொரியரில்தான் வரும்.

நவம்பர் 1, சனி

மழை இல்லை. வானம் மூட்டம்.

எடுத்துக்கொண்டவை: ஹால் டிக்கெட், அவள் ஆதார், தண்ணீர் பாட்டில், இரண்டு பேனா. நந்தினி வாசல் வரை வந்தாள். "ஆல் தி பெஸ்ட்" என்றவள் யாருக்குச் சொல்கிறோம் என்று ஒரு கணம் குழம்பி நின்றாள்.

பஸ்ஸில் நிற்கத்தான் இடம். காலேஜ் வாசலில் இருபது வயதுப் பிள்ளைகள். நடுநடுவே என் வயதில் நான்கைந்து பேர். ஒரு பெண் மடியில் குழந்தையை வைத்தபடியே குறிப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

கேட்டில் சோதனை செய்த அம்மாள் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஆதாரைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "கரீட்டா கீது. போம்மா, மாடிக்கி."

இவ்வளவு சுலபம்.

மாடியில் கணினி அறை. வாசலில் மேஜை, பட்டியலோடு ஒரு இளைஞர். வரிசையில் எனக்கு முன்னால் ஆறு பேர், பிறகு மூன்று, பிறகு யாரும் இல்லை. உள்ளே ஒவ்வொரு இருக்கையிலும் பெயர் ஒட்டியிருந்தார்கள். ஜன்னலோரம் மூன்றாவது அவளுடையது. மின்விசிறிக்கு நேர் கீழே. அவளுக்குப் பிடித்திருக்கும்.

"மாலதி யாரு? மாலதி கே."

வாயைத் திறந்தேன். 'நான்தான்' என்ற ஒரு சொல் போதும்.

"மாலதி வந்திருக்காங்களா இல்லியா?"

"வரல" என்றேன்.

இந்த இரண்டரை மாதத்தில் நான் அதை யாரிடமும் சொன்னதில்லை. பத்திரம், நகல், சான்றிதழ் எல்லாவற்றையும் கையால் நீட்டியிருக்கிறேன். வாயால் சொன்னதில்லை.

"லேட்டா வருவாங்களா?"

"வரமாட்டா."

"நீங்க?"

"அவ அக்கா."

"கூட வந்தவங்க கீழ நிக்கணும் மேடம்." தலை நிமிராமலே பட்டியலில் சிவப்பு மையால் ஆப்சென்ட் போட்டார். கதவைச் சாத்தினார்கள்.

கீழே பெற்றோர் கூட்டத்தோடு வேப்பமரத்தடியில் நின்றேன். ஏன் நின்றேன் என்று தெரியாது. முடியும் நேரம் வரை நின்றேன்.

ஐந்தரைக்கு வீடு. நந்தினி கதவருகிலேயே இருந்தாள்.

"எப்பிடி எழுதின?"

"எழுதல. கேட்டாங்க. வரலன்னுட்டேன்."

அவள் முகம் சுருங்கியது. "அப்ப எங்கம்மா ஃபெயிலா?"

"இல்ல. ஆப்சென்ட்."

கத்துவாள் என்று நினைத்தேன். சுவரில் மாலதி படத்துக்குப் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தைப் பார்த்தாள். ஆணிகூட அடித்து வைத்திருக்கிறாள், நான் கவனிக்கவில்லை.

"நீ படிச்சவ பெரிம்மா. அம்மாவுக்கு ஒரு பொய் சொல்ல உனக்கு வரல."

"அவளுக்கு நிறைய சொல்லியிருக்கேன். இது மட்டும் வரல."

டீ போட்டேன். இருவரும் குடித்தோம். பிறகு போனை எடுத்து ஐந்தாம் வாரம், இரண்டாவது வீடியோ. அவரேதான், அதே சாக்பீஸ், அதே பாதி திறந்த வாய். நந்தினி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வேலை செய்யும் இயர்போனை அவளிடம் கொடுக்கப் போனேன். "வோணாம், சத்தமா வை" என்றாள்.

அழுத்தினேன்.

தும்மினார். பலமாக. சாக்பீஸ் கீழே விழுந்தது. "மன்னிக்கவும்" என்று குனிந்து தேடினார்.

நந்தினி சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். வார்த்தைகள் ஓடின. எனக்குப் பிடிபடவில்லை. வேகத்தைக் குறைக்கக் கை போனது.

"கொறைக்காத பெரிம்மா. அம்மா இப்பிடித்தான் பாக்கும்."

இன்னும் பதினோரு நிமிடம் இருந்தது.