கூட்டத்துக்கு வந்தோர்

2011 ஜூன் 8, புதன்

காலையில் என் வீட்டுக்காரர் கொண்டு வந்த இறாலில் பாதி சிறிசு. புளி விட்டு இறக்கி வைத்துவிட்டு மண்டபத்துக்கு ஓடினேன்.

மூன்று மணிக்குக் கூட்டம். ஊர்த் தண்ணீர் வாவிக்கு ஓடும் தோணாப் பக்கம் வரப்போகும் ஹோட்டலைப் பற்றி விளக்கம் என்றார்கள். டவுனிலிருந்து ரொபின் என்று ஓர் இஞ்சினியர் தம்பி வந்தார். பறங்கிப் பிள்ளை, நல்ல மரியாதை. சுவரில் பெரிய படம் ஒன்றை ஒட்டினார். நாற்பது அறை, மரப்பாலம், பின்னால் வாவி ஒரே நீலம். எங்கள் வாவியை அந்த நிறத்தில் நான் கண்டதில்லை. தோணாவை என்ன செய்வீர்கள் என்று இவர் கேட்டார். "அதச் சீர்படுத்துவம் அங்கிள்" என்றார் ரொபின். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. மாலு பணிஸும் சோடாவும் வந்துவிட்டன.

மாதர் சங்கச் செயலாளர் என்று வரவு எழுதியது நான். கோடு போட்டு, மேலே 'கூட்டத்துக்கு வந்தோர்' என்று தலைப்பிட்டு, இலக்கம் போட்டேன். வந்தது முப்பது பேர். தாளில் முப்பத்தொன்று. ஆச்சிப்பிள்ளை மச்சாள் வழமை போல் இரண்டு இடத்தில் ஒப்பம் வைத்தாள், ஒன்று தனக்கு, ஒன்று மகன் விஜிதரனுக்கு. 2008 மாசியில் நெல்லு மில்லுக்குப் போன பிள்ளை. மில்லடியில் யாரோ வாகனத்தில் ஏற்றினதாகச் சொன்னார்கள், அதோடு சரி. நுளம்பு வலை, பாய், தென்னங்கன்று, எந்த லிஸ்ட் வந்தாலும் அவன் பெயரும் போகும். நான் மறுத்ததில்லை. விட்டால் என்ன அர்த்தம் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

ரொபின் போன பிறகு, ஊர்க் காரியம் பார்க்கும் விதானையார் கிட்ட வந்து, "வராத ஆக்கள்ட்டயும் ஒருக்கா எடுத்திருங்க அக்கா. லிஸ்ட் நிறைஞ்சிரிந்தா நல்லம்" என்றார்.

சுனாமி முகாமில் ஒரு நாள் நான் கிணற்றடியில் நின்ற நேரம் பார்த்து லிஸ்ட் எழுதிவிட்டார்கள். எங்களுக்கு மண்ணெண்ணெய் அடுப்பு கிடைக்கவில்லை. ஒன்பது மாதம் ஈர விறகோடு கிடந்தேன். அதிலிருந்து எந்த லிஸ்டிலும் எவர் பெயரும் விடுபட நான் விட்டதில்லை. பொழுது படுமுன் வீடு வீடாகப் போய் இன்னும் இருபத்தாறு எடுத்தேன். மொத்தம் 57.

2011 ஜூன் 15, புதன்

கோயிலில் குளிர்த்திச் சடங்கு. அம்மாள் சிலம்போடு போய் அரசனிடம் நீதி கேட்ட இடத்தை ஏட்டில் படிக்கும்போது இம்முறையும் அழுகை வந்தது. மச்சாள் பக்கத்தில் இருந்தாள். அவள் அழவில்லை. விஜிதரனுக்கு ஒரு காப்பு நூல் வாங்கி முந்தானை முடிச்சில் கட்டிக்கொண்டாள்.

2011 ஜூலை 4, திங்கள்

சங்கத்தின் அரையாண்டு அறிக்கை கொடுக்க அரசாங்கக் கந்தோருக்குப் போனேன். வாசலடி மேசையில் ஹோட்டல் படம் போட்ட ஒரு தடித்த புத்தகம், களவு போகாமல் மேசைக்காலோடு நூல் போட்டுக் கட்டியிருந்தது. 'பொதுமக்கள் பார்வைக்கு' என்று மட்டைக்கு மேல் தமிழில் ஒரு துண்டு. உள்ளே முழுக்க இங்கிலீஷ். பார்த்தவர்கள் பெயர் எழுதும் கொப்பி பக்கத்தில் கிடந்தது. அதில் ஒரு பெயரும் இல்லை.

சும்மா புரட்டினேன். கடைசிப் பக்கங்களில் என் எழுத்து.

கம்சாயினி என்று புதிதாக வேலைக்கு வந்த பிள்ளை எழும்பி வந்தாள். "இது உங்கட எழுத்தா அன்ரி? வடிவா இரிக்கி" என்றாள். அதற்கு முன் உள்ள பக்கத்தில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டேன். வாசித்துத் தமிழில் சொன்னாள். கீழே ஒப்பமிட்ட ஊரவர்களுக்கு எல்லாம் விளக்கிச் சொல்லப்பட்டதாம். வாவிக்கரைச் சேற்றில் நிற்கும் ஆறு ஏக்கர் கண்ணாக்காட்டை வெட்டித் தோணாவை மண்ணால் நிரப்ப அவர்களுக்கு ஆட்சேபணை இல்லையாம்.

நான் எழுதிய தலைப்பு இல்லை. தாளின் மேல்பக்கத்தை மடித்து வைத்துப் போட்டோக் கொப்பி அடித்திருக்கிறார்கள். இலக்கம் 1 இலிருந்துதான் தொடங்குகிறது.

"ஆட்சேபணை எண்டா இருவத்திரண்டாம் திகதிக்குள்ள எழுதித் தரலாம் அன்ரி. ஒருத்தரும் வரல்ல எண்டு பாத்துக்கொண்டுதான் இரிக்கன்" என்றாள்.

பஸ்ஸில் வரும்போது ஐம்பத்தேழு பெயரையும் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். என்ட கையால. என்ட கோட்டுக்குள்ள. ஒரு பெயர் விடாம.

2011 ஜூலை 5, செவ்வாய்

இவரிடம் சொன்னேன். கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"நீதானே புள்ள வீடு வீடாத் திரிஞ்சு எடுத்த. கூட்டத்துக்கு வந்தது முப்பது, நீ ஐம்பத்தேழு குடுத்திரிக்காய்."

"எனக்குத் தெரியுமா, இதுக்கெண்டு?"

"அதத்தான் சொல்றன். தெரியாமலே இவ்வளவு வடிவாச் செய்றாய். தெரிஞ்சிருந்தா ஆத்தையும் சேத்து எழுதிக் குடுத்திரிப்பாய்."

அவருக்குப் பகிடி. 2006இல் வலைக்கட்டைக்கு இரண்டு கண்ணாக்கம்பு வெட்டினார் என்று இவரைப் பிடித்து அரை நாள் கந்தோர் வாசலில் நிறுத்தி வைத்தார்கள். காக்கப்பட்ட காடு, வெட்டினால் தண்டம் என்று பலகை அடித்திருக்கிறது. பலகை இன்றைக்கும் நிற்கிறது. இரண்டு கம்புக்குத் தண்டம், ஆறு ஏக்கருக்கு மரப்பாலம்.

கடல் வந்த அன்று இந்தக் கண்ணா வேருக்குள் சிக்கித்தான் நானும் இவரும் உயிரோடு கிடந்தோம். அதை விடுவோம், அது ஒரு நாள். ஒவ்வொரு மாரியும் ஊருக்குள் ஏறும் தண்ணீர் தோணாவால்தான் வாவிக்கு இறங்குகிறது. கல்யாணம் கட்டி வந்த வருடத்திலிருந்து வெள்ளம் ஏறின நாளும் வடிந்த நாளும் என் கொப்பியில் இருக்கிறது. இந்தத் தை மாதப் பெருவெள்ளம் கூட எங்களுக்கு மூன்று நாள். தோணா இல்லாத பக்கத்து ஊர் பதினொரு நாள் பள்ளிக்கூடத்தில் கிடந்தது. தோணாவை மூடினால் தண்ணீர் எங்கே போகும்? ரொபினின் படத்தில் மழை இல்லை.

2011 ஜூலை 9, சனி

கையெழுத்தைத் திருப்பி எடுக்கிறோம் என்று ஒரு கடிதம் எழுதிக்கொண்டு அதே ஐம்பத்தேழு வாசலுக்கும் போனேன்.

"வாபஸ் எண்டா மறுகா ஒரு லிஸ்டிலயும் நம்மளச் சேக்க மாட்டானுகள் சீதேவி."

"என்ட மருமகனுக்கு அங்க வேல தாறதாச் சொல்லியிரிக்கி. குழப்பாத கா."

கோயில் நிர்வாகம் பார்க்கும் வண்ணக்கர் சாமித்தம்பி அண்ணன் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு பேசினார். கோயில் மண்டபத்துக்கு ஹோட்டல்காரர் எண்பது பை சீமெந்து தருகிறார்களாம். "அம்மாள்ட வேல நடக்குது, நீ குறுக்க நிக்கப் போறியா?" என்றார். முன்பு நான் வந்தால் பாய் போடச் சொல்பவர்.

ஒப்பம் வைத்தது ஒன்பது பேர். மச்சாள் கேட்காமலே வைத்தாள். இரண்டு இடத்தில்.

2011 ஜூலை 14, வியாழன்

கந்தோருக்குப் பொறுப்பான பெரியவர் கடிதத்தைத் திருப்பித் தந்தார். விதானை உறுதிப்படுத்திய லிஸ்ட், ஒன்பது பேர் மனம் மாறினார்கள் என்று தள்ள முடியாதாம். அரைவாசிப் பேர் கூட்டத்துக்கு வரவேயில்லை, நான்தான் வீட்டில் போய் எடுத்தேன் என்றேன். "வீட்ட போய்க் கேட்டாலும் கேட்டதுதான் அம்மா. அவங்கட கையால அவங்க வெச்சதுதானே?"

எழும்பும்போது அவரே சொன்னார், இரங்கினாரோ என்னவோ. "பொய்க் கையெழுத்து ஒண்டெண்டாலும் இருந்தா சொல்லுங்க. ஒண்டு போதும். முழு லிஸ்டையும் நிப்பாட்டிப்போட்டு முதல்ல இருந்து விசாரிக்க வேணும்."

பதின்மூன்றாம் இலக்கம், விஜிதரன்.

2011 ஜூலை 17, ஞாயிறு

அந்தக் கையெழுத்தைப் பற்றி எழுதலாமா என்று கேட்டுவிட மச்சாள் வீட்டுக்குப் போனேன். அவள் வாக்காளர் படிவத்தை வைத்துக்கொண்டு எனக்காகப் பார்த்திருக்கிறாள். வருடா வருடம் நிரப்பிக் கொடுப்பது நான்தான்.

"விஜிக்கு இருவத்தேழு எண்டு போடு கா. போன வருசம் இருவத்தாறு போட்டனி."

போட்டேன்.

"தொழில்?"

"கமம் எண்டு போடு. வந்த உடன வயல் வட்டைக்குள்ளதான் இறங்குவான். வேற என்ன தெரியும் அவனுக்கு." சிரித்தாள்.

தேத்தண்ணி குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

2011 ஜூலை 20, புதன்

எழுதிவிட்டேன். 'மேற்படி லிஸ்டில் 13ஆம் இலக்கத்தில் உள்ளவர் 2008 முதல் ஊரில் இல்லை. கையெழுத்து அவருடையதல்ல. வேறொருவர் இட்டதை நான் கண்டேன்.' இவ்வளவுதான். 'இல்லை' என்ற இடத்தில் மட்டும் மூன்று தாள் கிழித்தேன். ஊரில் இல்லை என்றுதானே எழுதினேன். அது வேறு, மற்றது வேறு. வேறுதானே?

அம்மாளின் பாதத்தில் வைத்து எடுத்து, கம்சாயினி கையில் கொடுத்து, திகதி முத்திரை வாங்கிக்கொண்டேன்.

"அவள்ட்டச் சொன்னியா?" என்றார் இவர்.

"இல்ல."

அதற்குப் பிறகு அவர் பகிடி விடவில்லை.

2011 ஓகஸ்ட் 11, வியாழன்

இன்று மண்டபத்தில் விசாரணை. எழுதாமல் படுக்க முடியாது.

ஊர் முழுக்க வந்திருந்தது. முன்னால் பெரியவர், கம்சாயினி, ரொபின். என் கடிதத்தை ஊருக்கு முன்னால் உரத்து வாசிப்பார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வாசித்து முடித்து, "இவரின்ட தாய் ஆர்?" என்றார் பெரியவர்.

மச்சாள் எழும்பினாள். ஒருதரம் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இந்தக் கையெழுத்து உங்கட மகன்டதா அம்மா?"

"அவன்டதான்."

"அண்டைக்கு அவர் கூட்டத்துக்கு வந்தவரா?"

"வந்தவன்."

"இவ எழுதியிரிக்கிறா, மூண்டு வருசமா ஊரில இல்லையெண்டு."

"அவவுக்கு என்ன தெரியும் ஐயா. என்ட புள்ள. பின்னால தூணடியில நிண்டவன். பணிஸ் திண்டான். சோடா வேணாமெண்டுட்டான், அவனுக்கு இருமல்."

பெரியவர் ஊரைப் பார்த்தார். "வேற ஆராவது சொல்லுங்க. அந்தத் தம்பி வந்ததா, இல்லையா?"

அவன் போனதை அறியாத ஒருவர் அந்த மண்டபத்தில் இல்லை. என்னோடு ஒப்பம் வைத்தவர்களும் இருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. சீமெந்துக்காக, வேலைக்காகச் சும்மா இருக்கிறார்கள் என்று முதலில் நினைத்தேன். பிறகு பார்த்தால் எல்லாரும் குனிந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாமித்தம்பி அண்ணன் கூட. தாய் நிற்கும்போது அவன் இல்லை என்று சொல்ல ஒருவருக்கும் நாக்குப் புரளவில்லை.

"அப்ப நீங்க சொல்லுங்க அம்மா. எழுதினது நீங்கதானே. அந்தக் கையெழுத்து ஆர் போட்டது?"

கம்சாயினி என்னைப் பார்த்துத் தலையை அசைத்தாள், சொல்லுங்க என்பது போல். ரொபின் பேனையை மேசையில் வைத்துவிட்டார். மச்சாள் இப்போது என்னைப் பார்க்கவில்லை. முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பின்பக்கத் தூணைப் பார்த்தபடி நின்றாள்.

ஒரு சொல். தோணா நின்றிருக்கும். ஊர் நின்றிருக்கும்.

"அவர்தான் போட்டவர் ஐயா. நான்தான் பிழையா எழுதிட்டன்."

பெரியவர் என்னவோ எழுதிக் காகிதக் கோவையை மூடினார். பத்து நிமிடம் கூட ஆகவில்லை.

வெளியே மச்சாளைப் பின்னால் போய்ப் பிடித்தேன். நிற்காமலே சொன்னாள்: "நீ குடுத்த தாள வாங்கிக் கிழிச்சிரு கா. அவன் இல்லையெண்டு அதில இரிக்கி."

"தரமாட்டாங்கள் மச்சாள். அது கோவையில போயிற்று."

"அப்ப என்னத்துக்கு எழுதின?"

2011 ஓகஸ்ட் 12, வெள்ளி

நான் விளக்கு வைக்கவில்லை. இவர் வைத்தார்.

2011 ஓகஸ்ட் 21, ஞாயிறு

ஊரில் இப்போது இரண்டு கதை. ஹோட்டல்காரனிடம் காசு வாங்கிக்கொண்டு பேச்சை மாற்றினேன் என்று ஒன்று. அந்தத் தாயின் பிள்ளையைச் சாகடிக்கப் பார்த்தேன் என்று மற்றது. இரண்டையும் ஒரே ஆள் சொல்வதையும் கேட்டேன்.

யாரில் பிழை? தலைப்பை மடித்தவன் யாரென்றே எனக்குத் தெரியாது. விதானையார் இன்றைக்கும் சிரித்துக்கொண்டு "சுகமா அக்கா" என்கிறார். நான் சத்தியம் பேசியிருந்தால் அம்மாளுக்கு என்ன முகத்தோடு பூ வைப்பேன்? பொய் பேசினேன், இப்போதும் வைக்க முடியவில்லை. எப்படிப் பேசியிருந்தாலும் இதுதான் என்றால், அம்மாளே, என்னை ஏன் கூப்பிட்டு அந்த இடத்தில் நிறுத்தினாய்.

2011 செப்டெம்பர் 12, திங்கள்

சித்தாண்டிக் கோயில் தீர்த்தம். மச்சாள் விடிய வெள்ளனவே நடந்து போனாளாம். மற்ற வருடங்களில் இருவரும் சேர்ந்துதான் போவது.

2011 ஒக்டோபர் 3, திங்கள்

அனுமதி கிடைத்துவிட்டதாம். கம்சாயினி போன் எடுத்துச் சொன்னாள். தன்னை வேறு கந்தோருக்கு மாற்றிவிட்டார்கள் என்றும் சொன்னாள். "நீங்க அண்டைக்குச் சொல்லியிருந்தா..." என்று தொடங்கி, விட்டுவிட்டாள். போனை வைத்தேன்.

2011 ஒக்டோபர் 10, திங்கள்

இரண்டு மெசின். விடியத் தொடங்கி மத்தியானத்துக்குள் கண்ணாக்காட்டின் இந்தப் பக்கம் வெறும் வெளி. கொக்குகள் போக இடம் தெரியாமல் கோயில் கூரையில் வந்து இருந்தன. இவர் இன்று வலைக்குப் போகவில்லை.

2011 நவம்பர் 2, புதன்

செம்மண் லொறி. நாளுக்கு முப்பதுக்குமேல் எண்ணினேன். பிறகு எண்ணுவதை விட்டேன்.

2011 டிசம்பர் 18, ஞாயிறு

மழை ஆறாம் நாள். வளவுக்குள் முழங்கால் தண்ணீர். ஒழுங்கையோடு ஓடிப் போகிறது, முடிவில் செம்மண் மேட்டில் முட்டித் திரும்பி வருகிறது. ஊர் மாடெல்லாம் அந்த மேட்டில்தான் நிற்கின்றன. காவற்காரன் தடியோடு விரட்டுகிறான். அவன் அங்கால் போனதும் மறுபடி ஏறுகின்றன.

பதினொரு மணி போல் மச்சாள் வந்தாள். அவள் வீட்டுக்குள் அடுப்பு வரை தண்ணீராம். எங்கள் வீடு மூன்று படி உயரம். தலையில் ஒரு பை, கையில் அரிக்கேன் லாம்பு. கடைசிப் படியில் நின்று சேலையைப் பிழிந்தாள். வா என்று இவர்தான் சொன்னார்.

தேத்தண்ணி வைத்தேன். குசினி வாசலில் குந்தி இருந்து முழுக்கக் குடித்தாள். மழையைப் பார்த்துக்கொண்டு, யாரிடம் என்று இல்லாமல், "எத்தின நாளைக்குத் தண்ணி நிக்கும்?" என்றாள்.

ஊரில் இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் அது எனக்குத்தான். முப்பது மாரி, கொப்பியைப் பார்க்காமலே சொல்வேன்.

"தெரியா மச்சாள்" என்றேன்.

அவள் குவளையைக் கழுவிக் கவிழ்த்தாள். பாயை எங்கே போடுவது என்று இவரிடம் கேட்டாள்.